பின்களைக் குத்தி வைக்கும் சன்னல் பையைத் தூய்மை செய்தலும் பேணுதலும்: செட்டிநாட்டு வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

சென்ற சித்திரையில் பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்தபோது, பின்களும் பேட்ஜ்களும் குத்திய என் சன்னல் பையைக் காரின் பின்னிருக்கையிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் சென்றேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பையை எடுத்தால், அதன் பிளாஸ்டிக் சன்னலின் உட்புறத்தில் ஒரு பேட்ஜின் வட்டம் அப்படியே பதிந்திருந்தது. பேட்ஜின் சிவப்பு மை மெல்லிய நிழலாகப் பிளாஸ்டிக்கில் ஏறியிருந்தது. பேட்ஜைப் பிரித்தெடுக்கையில் ஒட்டுத்தாளை உரிப்பது போன்ற ஓசை கேட்டது. அந்த வட்டம் இன்றுவரை போகவில்லை. அதன்பின் இந்தப் பையைப் பற்றித் தேடிப் படித்தவற்றையும், காரைக்குடியில் என் வீட்டிலேயே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே முறையாக எழுதுகிறேன்.

பின்களையும் பேட்ஜ்களையும் உள்ளே ஒரு தட்டில் குத்தி, வெளியிலிருந்து பார்க்கும்படி தெளிந்த சன்னல் வைத்துத் தைத்த பையை ஜப்பானியர் ‘இட்டா பேக்’ என்கிறார்கள். வலியைக் குறிக்கும் ‘இட்டாய்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் ஊர்ப் பிள்ளைகளும் இப்போது அதே பெயரில் அதை வாங்கிச் சுமக்கிறார்கள். இந்தப் பையில் முதலில் கெடுவது துணியோ ஜிப்போ அன்று, சன்னல்தான். அதைக் கெடுப்பதும் பெரும்பாலும் அழுக்கன்று. வெப்பமும், பொருந்தாத துடைப்புத் திரவங்களும், சன்னலின்மேல் ஏதாவது ஒன்று நெடுநேரம் அழுந்திக் கிடப்பதுமே காரணங்கள். ஆகவே தூய்மை செய்யும் முறையைக் கற்கும் முன், சன்னல் எதனால் ஆனது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

சன்னல் எதனால் ஆனது

பெரும்பாலான பைகளில் சன்னல் மென்மையான பிவிசித் தாளால் ஆனது. பிவிசி தன் இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாயாக நாம் பார்ப்பது அதைத்தான். அதை வளையும் தாளாக்குவதற்கு, எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டி ஒன்றைக் கலக்கிறார்கள். இந்த நெகிழ்வூட்டி பிளாஸ்டிக்கோடு வேதிமுறையில் பிணைந்துவிடுவதில்லை; கலந்து நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் வெப்பம் ஏறும்போது அது மெல்ல மேலே கசிகிறது. சன்னல் பிசுபிசுப்பாவதற்கும், தன்மேல் அழுந்திய பேட்ஜின் மையைக் கரைத்து இழுத்துக்கொள்வதற்கும், ஆண்டுகள் செல்லச் செல்ல விறைத்து வெடிப்பதற்கும் இதுவே காரணம். வெயிலும் வெப்பமும் சேர்ந்து தாக்கினால் பிவிசி சிதையத் தொடங்கி மஞ்சளிக்கும். அந்தச் சிதைவில் சிறிதளவு ஹைட்ரஜன் குளோரைடும் வெளிவரும். பழைய நாணயம் சேர்ப்பவர்கள் மென்மையான பிவிசி உறையில் செப்புக் காசுகளை வைக்கக் கூடாது என்று எச்சரிப்பது இதற்காகத்தான். பித்தளை முள் வைத்த பின்களுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

எங்கள் அப்பத்தா என் சன்னலைப் பார்த்துவிட்டு, “தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைச்சா பளிச்சுன்னு ஆயிரும் ஆத்தா” என்றார்கள். முற்றத்தைச் சுற்றிய வளவிலுள்ள ஆத்தங்குடிச் சிமெண்டுக் கல் தரையை அவர்கள் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் மினுங்க வைத்திருக்கிறார்கள், அங்கே அது சரியான முறைதான். சிமெண்டுக் கல் எண்ணெயைக் குடித்துப் பளபளக்கும். பிவிசிக்குள்ளோ எண்ணெய் நுழைந்து நெகிழ்வூட்டியை வெளியே இழுத்துவிடும்; அன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் சில மாதங்களில் தாள் விறைத்துப்போகும்.

சாராயம் கலந்த கைத்தூய்மித் திரவமும் ஸ்பிரிட்டும் இதே கேட்டைச் செய்யும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பட்ட இடம் அப்போதே மங்கிவிடும், அதை மீட்க வழியில்லை. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவம் கண்ணாடிக்கு மட்டும் உரியது. பற்பசை, சோடா உப்பு, சாம்பல், பச்சைநிறத் தேய்ப்பு நார் ஆகியவற்றைச் சன்னல் பக்கமே கொண்டுவர வேண்டாம், அவை எல்லாமே கீறும்.

முதல் வேலை: பையைக் காலி செய்தல்

பின்கள் குத்தியிருக்கும் உள்தட்டை வெளியே எடுக்குமுன் கைப்பேசியில் நேராக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பின்களைக் கழற்றிய பிறகு எது எங்கே இருந்தது என்பது நினைவில் நிற்காது. விளிம்புள்ள தாம்பாளம் ஒன்றில் பழைய வேட்டித் துணியை விரித்து அதன்மேல் பின்களை வையுங்கள். எவர்சில்வரில் நேரடியாக உரசினால் முலாம் கீறும். ஒவ்வொரு பின்னையும் கழற்றியவுடன் அதன் பின்பக்கப் பிடியை அதே முள்ளில் மறுபடி மாட்டிவிடுங்கள். தரையில் உருண்டு ஓடிய பிடியைத் தேடுவதைவிட இது எளிது, கையிலும் முள் குத்தாது.

பிறகு பையின் எல்லா அறைகளையும் தலைகீழாகத் தட்டி, ஜிப்பின் பற்களுக்கிடையிலும் சன்னலைச் சுற்றித் தைத்த ஓரத்திலும் மென்மையான ஒப்பனைத் தூரிகையால் தூசியை எடுங்கள். இந்தக் கட்டத்தை நம் பகுதியில் யாரும் தாண்டிப் போகக் கூடாது. நம்முடையது செம்மண் சீமை. செம்மண் புழுதி பார்வைக்கு மாவு போல இருந்தாலும் அதில் மணல் துகள்கள் கலந்திருக்கின்றன. அவை பிவிசியைவிடப் பல மடங்கு கடினமானவை. புழுதி படிந்த சன்னலை உலர்ந்த துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்துவிட்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரியும். ஆதலால் துடைப்பதற்கு முன் ஊத வேண்டும், அல்லது தூரிகையால் தட்ட வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேமரா லென்சுக்கு விற்கும் ரப்பர்க் குமிழ் ஊதி மலிவானது, நன்றாக வேலை செய்கிறது.

சன்னலைக் கழுவுதல்

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கலந்துகொள்ளுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். கண்ணாடி துடைக்கும் நுண்ணிழைத் துணியை அதில் நனைத்து, நீர் சொட்டாதபடி பிழிந்து, சன்னலின் வெளிப்புறத்தை மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். தப்பித்தவறி ஒரு மணல் துகள் மாட்டியிருந்தால் நேர்க்கோட்டுக் கீறலைவிட வட்டக் கீறல் கண்ணை உறுத்தும். துணியின் ஒரு பக்கம் அழுக்கானதும் மடித்து அடுத்த பக்கத்துக்கு மாறுங்கள்.

உட்புறத்தைத் துடைக்கும்போது சன்னலுக்குப் பின்னால் ஒரு கையை விரித்துத் தாங்கிக்கொள்வது அவசியம். தாங்கல் இல்லாமல் அழுத்தினால் தையல் துளைகள் வழியே தாள் கிழியத் தொடங்கும். பழைய பைகளில் முதலில் கிழிவது பெரும்பாலும் மேல் மூலைத் தையல்தான் என்பதால் அங்கே துணியை விரல் நுனியில் சுற்றி, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள்.

அடுத்து, சோப்பில்லாத நீரில் நனைத்துப் பிழிந்த வேறொரு துணியால் இரண்டு முறை துடைத்துச் சோப்பை முழுமையாக நீக்குங்கள். உங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர் வருகிறது, அது பாத்திரத்தில் வெள்ளைத் திட்டு விடும் நீர் என்றால், கடைசித் துடைப்புக்கு வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துங்கள். பழைய வளவு வீடுகளில் மழை பெய்யும்போது முற்றத்துக் கூரை நீரை அண்டாவில் பிடித்து வைப்பார்கள் அல்லவா, அதில் ஒரு சொம்பு கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. உப்பு இல்லாத நீர் என்பதால் திட்டு விழாது. இறுதியாக உலர்ந்த நுண்ணிழைத் துணியைச் சன்னல்மேல் பரப்பி, உள்ளங்கையால் ஒற்றி ஈரத்தை எடுங்கள்.

துடைத்து முடித்தபின் சன்னல் இலேசாகப் பால் போல வெளுத்துத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். பிவிசி சிறிது ஈரத்தை உள்வாங்கும்போது அப்படி மங்கும். நிழலில் உலர உலரத் தெளிந்துவிடும். ஒரு நாள் கழித்தும் மங்கலாகவே இருந்து, விரலால் தொட்டால் வழுவழுப்பும் தெரிந்தால், அது மேலே கசிந்த நெகிழ்வூட்டி. சோப்பு நீரால் இன்னும் இரண்டு முறை துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். மஞ்சளிப்பு வேறு. தாளின் உள்ளேயே நடந்துவிட்ட மாற்றம் அது, எந்தத் திரவமும் திருப்பாது. அதை நீக்குவதாகச் சொல்லப்படும் வீட்டு வைத்தியங்களுக்குப் பணமும் நேரமும் செலவழிக்காதீர்கள். தையல்காரரிடம் கொடுத்துப் புதிய தாளைத் தைத்துக்கொள்வதே அதற்கு வழி.

பையின் உடலும் கறைகளும்

நைலான், பாலியஸ்டர், கேன்வாஸ் பைகளை அதே சோப்பு நீரில் நனைத்த துணியால் பகுதி பகுதியாகத் துடைத்தால் போதும். சலவை இயந்திரத்தில் போட்டால் சன்னல் நிரந்தரமாக மடிந்துவிடும். தோல் போலத் தோன்றும் பாலியுரெத்தேன் பூச்சுள்ள பைகளை இன்னும் குறைந்த ஈரத்தில் துடைத்து உடனே உலர்த்துங்கள். காற்றிலுள்ள ஈரத்தால் அந்தப் பூச்சு மெல்லச் சிதைந்து செதில் செதிலாக உரியும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகையில் பீரோவில் பூட்டி வைத்த பைகள் தையில் எடுக்கும்போது உரிந்து கிடப்பது அதனால்தான்.

மஞ்சள் கறையைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அது படாத பொருளே இல்லை. மஞ்சள் பட்ட துணியைச் சலவை சோப்பால் தேய்த்தால் கறை சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பின் காரத்தன்மை மஞ்சளின் நிறமியைச் செந்நிறமாக்குகிறது. அதைத் தேய்க்காமல், குளிர்ந்த நீரால் ஒற்றி எடுத்துவிட்டு, கறை பட்ட துணிப் பகுதியை மட்டும் வெயிலில் காட்டுங்கள். மஞ்சளின் நிறமி வெயிலில் வெளுக்கும். அப்போது சன்னல்மேல் தடித்த துணியை இரண்டாக மடித்துப் போட்டு மூடுங்கள், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு முந்தைய இளவெயில் போதும், நண்பகல் முற்றம் வேண்டாம்.

குங்குமம், பந்துமுனைப் பேனா மை, சாயம் அடங்காத புதுத்துணியின் நிறம் ஆகியவை சன்னலில் ஏறினால் நிலைமை கடினம். பிவிசி சாயத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. பட்ட ஐந்து நிமிடத்துக்குள் சோப்பு நீரால் துடைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம், மறுநாள் முடியாது. திருவிழாக் கூட்டத்தில் கையில் குங்குமத்தோடு பையைத் தொட நேரும் என்று தோன்றினால், அன்று சன்னலை உடலை நோக்கித் திருப்பி மாட்டிக்கொள்ளுங்கள்.

பின்களும் பேட்ஜ்களும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், அந்தக் காலத்தில் கப்பலில் வந்த எனாமல் தூக்குச்சட்டிகளையும் தட்டுகளையும் இன்றும் காணலாம். அந்த எனாமல் இரும்பின்மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. நாம் சேர்க்கும் பின்களையும் எனாமல் பின் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அவற்றில் இருப்பது பெரும்பாலும் சூட்டில் இறுகிய வண்ணப்பூச்சோ பிசினோதான். தூக்குச்சட்டியைப் போல அதைத் தேய்த்துக் கழுவ முடியாது. உலோகக் கோடுகளுக்கிடையே பள்ளமாக வண்ணம் தெரியும் பின்களில் தூசி அந்தப் பள்ளத்தில்தான் தங்கும். உலர்ந்த மென்தூரிகையால் அதை எடுத்துவிட்டு, சற்றே ஈரமான துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். மேற்பரப்பு சமமாக வழவழவென்று இருக்கும் பின்களுக்கு ஈரத்துணியே போதும். எதையும் நீரில் ஊற வைக்காதீர்கள்.

பின்னின் அடியுலோகம் பெரும்பாலும் துத்தநாகக் கலவை, இரும்பு அல்லது பித்தளை. அதன்மேல் மின்முலாம் மிக மெல்லிய படலமாக ஏற்றப்பட்டிருக்கிறது. புளியோ பித்தளைப் பொடியோ போட்டால் அந்தப் படலம் போய் அடியுலோகம் வெளிப்படும், அங்கிருந்து அரிப்பு தொடங்கும். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிப்பும் மின்முலாமும் அங்கே ஆராயப்படும் துறைகள். அந்தச் சாலை வழியாகப் போகும் ஒவ்வொரு முறையும் என் பின்களின் நினைவு வருகிறது.

வியர்வையின் உப்பு முலாமுக்குப் பகை. பின்னை எப்போதும் ஓரத்தில் பிடித்து எடுங்கள், கை பட்டிருந்தால் உள்ளே வைக்குமுன் துடையுங்கள். முள்ளின் அடியில் பச்சை நிறத்தில் களிம்பு தெரிந்தால் பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டி எடுத்து, அந்தப் பின்னை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சில நாள் வைத்துக் கவனியுங்கள்.

வட்டத் தகர பேட்ஜ்களுக்கு ஈரமே ஆகாது. முகப்பில் அச்சிட்ட தாள், அதன்மேல் மெல்லிய படலம், பின்னால் தகரம் என்ற அமைப்பில், ஓரத்து மடிப்பு வழியாக நீர் புகுந்தால் தாள் கறுத்துத் தகரம் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியே போதும். சன்னலை நோக்கி இருக்கும் பேட்ஜ் ஒவ்வொன்றுக்கும் பாலிப்ரொப்பிலீன் உறை போடுங்கள். நெகிழ்வூட்டி கலக்காத அந்தத் தாள் பிவிசிக்கும் பேட்ஜின் மைக்கும் நடுவே தடுப்பாக நிற்கும். பிள்ளையார்பட்டியில் நான் இழந்தது இந்தச் சிறிய உறை இல்லாததால்தான்.

உள்தட்டைத் திரும்ப மாட்டும்போது, தட்டுக்கும் சன்னலுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். பின்கள் தாளை முட்டினால், தட்டின் நான்கு மூலைகளிலும் வெள்ளை ஃபெல்ட் துணியைச் சிறு சதுரங்களாக வெட்டி இரண்டிரண்டாக அடுக்கித் தைத்துவிடுங்கள், அது தாங்கலாக நிற்கும். கனமான பின்களைத் தட்டின் கீழ்ப்பாதியில் குத்தினால் தட்டு முன்னால் சாய்வது குறையும்.

உலர்த்துதலும் சுருக்கம் நீக்குதலும்

கழுவிய பையை முழுதும் திறந்து, பட்டாலை என்னும் கூடம் போன்ற காற்றோட்டமுள்ள நிழலில் மின்விசிறியின் கீழ் ஒரு முழு நாள் வையுங்கள். ஜிப்பும் தையல் ஓரமும் கடைசியாகத்தான் உலரும். உள்ளே ஈரம் இருக்கப் பின்களை மாட்டினால் சன்னலில் ஆவி படிந்து அங்கேயே பூஞ்சை பிடிக்கும்.

சன்னலில் மடிப்புச் சுருக்கம் இருந்தால் இஸ்திரிப் பெட்டியையும் தலைமுடி உலர்த்தியையும் எடுக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துவாலையைச் சன்னல்மேல் பத்து நிமிடம் விரித்து வையுங்கள், தாள் இளகும். பிறகு சமமான தரையில் பையை மல்லாத்தி, சன்னலின் கீழும் மேலும் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து, மேலே கனமான அட்டைப் புத்தகம் ஒன்றை இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். ஆத்தங்குடித் தரை கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்தெடுத்த வழுவழுப்புடையது என்பதால் இதற்கு மிகவும் ஏற்றது, ஆனால் அன்று எண்ணெய் தடவாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறையில் போகாத சுருக்கத்துக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

எடுத்து வைத்தல்

பையை மடிக்காமல், உள்ளே பழைய வெள்ளைத் துணியைத் திணித்து வடிவம் கெடாமல் நிறுத்தி வையுங்கள். செய்தித்தாளைத் திணிக்கக் கூடாது. அதன் மை பிவிசியில் தலைகீழ் எழுத்தாகப் பதிந்துவிடும். வேறொரு பிவிசிப் பொருளோடு சன்னலை ஒட்டி வைக்கவும் வேண்டாம், இரண்டும் பிடித்துக்கொள்ளும். தூசி படாமல் மூட பருத்தித் துணிப் பையே ஏற்றது.

அந்துருண்டை போட்ட பீரோவிலோ பெட்டகத்திலோ இந்தப் பையை வைக்கவே வைக்காதீர்கள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கட்டும் என்று அன்போடு உள்ளே வைத்து, பின்னர் சன்னல் இளகி ஒட்டிக்கொண்டதைப் பார்த்து வருந்தியவர்கள் என் உறவிலேயே உண்டு. அந்துருண்டையின் ஆவி பிளாஸ்டிக்கையும் பின்களின் பூச்சையும் மென்மையாக்கிவிடும். பூச்சிக்குப் பயந்தால் வசம்பைத் துணியில் முடிந்து, பையைத் தொடாமல் அலமாரியின் மூலையில் வையுங்கள்.

புரட்டாசி முடிந்து மழைக்காலம் தொடங்குமுன் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்றைப் போடுங்கள். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறுவதை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரம் ஒருமுறை மழை விட்ட பொழுதில் பையைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். கோடையில் ஓட்டுக்கூரைக்குக் கீழுள்ள மாடி அறையும், மேற்கு வெயில் விழும் சுவரும் ஆகாது. கீழ்த்தளத்தில் தடித்த சுவருள்ள உள்ளறையே குளிர்ந்த இடம்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை இதையெல்லாம் செய்வது என்று கேட்டால், வெளியே எடுத்துச் சென்று திரும்பிய அன்று ஊதியால் தூசியை எடுப்பதும், மாதம் ஒருமுறை சன்னலைச் சோப்பு நீரால் துடைப்பதும், ஆண்டுக்கு இருமுறை, அதாவது பங்குனியிலும் புரட்டாசியிலும், எல்லாவற்றையும் கழற்றி முழுமையாகச் செய்வதும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. மதுரைக்கோ திருச்சிக்கோ பேருந்தில் போகும்போது வெயில் விழாத பக்கத்து இருக்கையைப் பார்த்து உட்காருங்கள், இறங்கும் இடத்தில் நேரம் ஆகும் என்றால் பையை வண்டியில் விடாமல் தோளிலேயே எடுத்துச் செல்லுங்கள்.